வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 12 கூட்டங்கள் நடத்துவதாகப் போன பொதுக்குழுவில் சொல்லியிருந்தோம். நடந்தவை 9. விட்டுப்போன மூன்றில் இரண்டுக்குத் தேர்வுக்காலம் காரணம். ஒன்றுக்கு நான்தான் காரணம், அறிவிப்பில் தேதியை மாற்றிப் போட்டுவிட்டேன். பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நின்ற ஆறு பேரிடமும் மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக 14 பேர் சேர்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். 'ஊழலுக்கு எதிரான மாணவர் போராட்டங்கள்' என்று ஆண்டுத் தலைப்பு வைத்ததால் அவர்கள் வந்தார்களா, அவர்கள் வந்ததால் அந்தத் தலைப்பு வைத்தோமா என்பதில் தலைவருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

முதல் இரண்டு கூட்டங்களையும் குஜராத்தே எடுத்துக்கொண்டது. 1973 டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியில் மெஸ் கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றினார்கள். அங்கே கிளம்பிய சண்டை நவநிர்மாண் இயக்கமாக வளர்ந்து, இரண்டே மாதத்தில், 1974 பிப்ரவரி 9 அன்று, முதலமைச்சர் சிமன்பாய் படேலை ராஜினாமா செய்ய வைத்தது. மார்ச்சில் சட்டமன்றமும் கலைந்தது. "மெஸ் பில்லுக்கு நடந்த சண்டை எப்படி ஊழல் எதிர்ப்பு ஆகும்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கே இரண்டாவது கூட்டம் முழுக்கப் போனது. எண்ணெயும் தானியமும் கைக்கெட்டாத விலைக்குப் போயிருந்த நேரம்; எண்ணெய் வியாபாரிகளும் ஆட்சியும் கூட்டு என்று ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டில் விழும் சோறு ஏன் குறைந்தது என்று மாணவர்கள் கேட்கப்போக, சம்பளக்காரர்களும் இல்லத்தரசிகளும் கூடவே தெருவில் இறங்கிவிட்டார்கள்.

அதே சிமன்பாய் 1990இல் மறுபடி முதலமைச்சர் ஆனார். இந்த வரி வந்ததும் இளைய உறுப்பினர் ஒருவர் கையிலிருந்த நகலை மேசையில் போட்டுவிட்டு, "அப்புறம் எதுக்கு சார் இவ்வளவும்?" என்றார். பீகார் அவரை இன்னும் கடுப்பேற்றியது. 1974 மார்ச் 18இல் பாட்னாவில் சட்டமன்றத்தை முற்றுகையிட்ட மாணவர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயணைத் தலைமை ஏற்க அழைத்தார்கள். ஜூன் 5இல் காந்தி மைதானத்தில் அவர் முழுப் புரட்சி என்று அறிவித்தார். அந்த மாணவர் இயக்கத்தில் முன்வரிசையில் இருந்தவர், பின்னாளில் பீகார் முதலமைச்சரான பாட்னா பல்கலைக்கழக மாணவர் தலைவர் லாலு பிரசாத். அவருக்கே 2013இல் மாட்டுத்தீவன ஊழல் வழக்கில் தண்டனை கிடைத்தது.

அன்றைக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. ஓரளவு பதில் இந்தோனேசியா பற்றிய கூட்டத்தில் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம். 1998 மே 12இல் ஜகார்த்தா திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாணவர்கள் நாடாளுமன்ற வளாகத்தையே பிடித்து உட்கார்ந்தார்கள். மே 21இல் அதிபர் சுஹார்த்தோ விலகினார். இதுவரை குஜராத் கதைதான். ஆனால் அங்கே அதற்குப் பின் வந்த சீர்திருத்தத்தில், 2002இல் சட்டம் போட்டு ஊழல் ஒழிப்பு ஆணையம் ஒன்றை உண்டாக்கினார்கள். பெரிய தலைகள் பலவற்றை அது உள்ளே தள்ளியது. 2019இல் அந்த ஆணையத்தின் பல்லைப் பிடுங்கும் திருத்தம் வந்தபோது, 1998இல் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். திருத்தத்தைத் தடுக்க முடியவில்லை. சரி, தோல்விதான். ஆனாலும் ஆள் போனதோடு முடியாமல், கட்டிக் காக்க ஒரு பொருள் அவர்களிடம் இருந்தது.

செர்பியா பற்றிய கூட்டத்தை நம் மாணவ உறுப்பினர்களே நடத்தினார்கள். 2024 நவம்பர் 1இல் நோவி சாத் நகரில், அப்போதுதான் புதுப்பித்த ரயில் நிலையத்தின் முகப்புக் கூரை இடிந்து விழுந்து மொத்தம் 16 பேர் இறந்தார்கள். அந்நாட்டு மாணவர்கள் தங்கள் கல்லூரிகளைக் கைப்பற்றினார்கள். கூரை விழுந்த 11.52 மணிக்குச் சாலைச் சந்திப்புகளில் 15 நிமிடம் அசையாமல் நின்றார்கள், அதுவரை இறந்திருந்த 15 பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடமாக. ஜனவரியில் பிரதமர் மிலோஷ் வுச்செவிச் ராஜினாமாவை அறிவித்தார். நாமும் 15 நிமிடம் நின்று பார்ப்போம் என்று நம் மாணவர்கள் சொன்னார்கள். நான்காவது நிமிடத்தில் நாற்காலி தேடினேன். ஏழாவது நிமிடத்தில் என் போனே அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

செர்பிய மாணவர்களுக்குத் தலைவர் என்று ஒருவர் கிடையாது. எல்லோரும் உட்கார்ந்து கை தூக்கி முடிவெடுப்பார்கள், பேசும் முகங்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். விலைக்கு வாங்கவோ மிரட்டவோ ஒரு ஆள் சிக்கமாட்டான். அந்த முறையில் நாமும் ஒரு கூட்டம் நடத்தினோம். அடுத்த கூட்டம் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று முடிவாக ஒரு மணி நேரம் ஆனது.

நேபாளம் நம் திட்டத்திலேயே இல்லை. செப்டம்பர் 8இல் சமூக ஊடகத் தடைக்கும் ஊழலுக்கும் எதிராக இளைஞர்கள் கிளம்பினார்கள். முதல் நாளே 19 பேர் இறந்தார்கள், மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி விலகினார். அதே நாள் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் எரிந்தன. யார் வைத்த தீ என்று நம் உறுப்பினர்கள் குரல் உயர்த்திச் சண்டை போட்டார்கள். எனக்கு மனம் நின்றது கருகிப்போன வழக்குக் கோப்புகளில்தான். கணக்குக் கேட்கக் கிளம்பிய ஊரில் காகிதமே போய்விட்டது.

காகிதம் என்றதும் நம் கதைக்கு வருகிறேன். ரயில் நிலைய வேலையின் ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளியிடு என்பது செர்பிய மாணவர்களின் முதல் கோரிக்கை. அதைப் படித்த மறுவாரம் முதலாண்டு மாணவி ஒருவர், "சார், நம்ம வட்டத்துக் கணக்கைப் பார்க்கலாமா?" என்றார். பொருளாளர் நோட்டைக் கொண்டுவந்தார். நான்கு ரசீதுகள் இல்லை. நான்கும் நான் நகல் எடுத்த செலவு. இரண்டு, நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய ஒரு புத்தகத்துக்குள் அடையாளத்துக்காக வைத்தபடியே இருந்தன. மற்ற இரண்டும் கிடைக்கவே இல்லை. அந்தத் தொகையை நானே கட்டிவிட்டேன். இனி மாதாமாதம் கணக்குப் பக்கம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

புதிய நிர்வாகக் குழுவுக்கான தேர்தல் அடுத்து நடக்கும். செயலாளர் பொறுப்புக்கு என் பெயரை யாரும் முன்மொழிய வேண்டாம். கணக்கு நோட்டு முன்மேசையில் இருக்கிறது. ஆகஸ்ட் பக்கத்தில் ஒரு கூட்டல் பிழை என்று அந்த மாணவி சொல்கிறார், இல்லை என்கிறார் பொருளாளர். ஓட்டெடுப்புக்கு முன்னால் இருவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.

செயலாளர்