டபுள்ஸ் ஆடு, கண்ணு

கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் நோட்டை அப்பாவும் நானும் சேர்ந்தே கேட்டோம். இடது மணிக்கட்டு மறுபடி வீங்கியிருக்கிறது. டென்னிஸ் கோச் இனிமேல் தனியாக ஆடும் சிங்கிள்ஸை விட்டு, ஜோடியாக ஆடும் டபுள்ஸில் கவனம் வை என்கிறார். “சிங்கிள்ஸில் தேறாதவள்தான் டபுள்ஸுக்குப் போவாள்னு எல்லாரும் சொல்லுவாங்கம்மா” என்றபோது உன் குரல் கம்மிவிட்டது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

டபுள்ஸ் ஆடு. அரை மனசோடு இல்லை, முழு மனசோடு ஆடு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கிள்ஸ் ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே குள்ளமான பிள்ளை நீ. “இந்த உயரத்துக்கு டென்னிஸா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் நம் வீட்டில் ஒரே பதில்தான்: நம் தென்னாப்பிரிக்காவின் அமாண்டா கூட்சர். 158 சென்டிமீட்டர் உயரம். 1997-ல் ஜெர்மனியின் பெரிய சாம்பியன் ஸ்டெஃபி கிராஃபை மூன்று தடவை தோற்கடித்தார். மெல்பர்னில் ஒன்று, பெர்லினில் ஒன்று, பாரிஸில் ஒன்று. அதிலும் பெர்லினில், கிராஃபின் சொந்த மண்ணில், 6-0, 6-1! அந்த வருஷமே உலக வரிசையில் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டார். அவர் கதையைச் சொல்லித்தான் உன் கையில் ராக்கெட்டைக் கொடுத்தோம். இப்போதும் எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் டர்பன் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய இன்னொருவர் இருக்கிறார், லீசெல் ஹூபர். இந்த ஊரில் பிறந்தவர். சிங்கிள்ஸில் முதல் நூறு பேருக்குள் அவர் வந்ததே கிடையாது. டபுள்ஸில் 2007-ல் உலகத்திலேயே முதலிடம். ஜிம்பாப்வேயின் காரா பிளாக்கோடு சேர்ந்து 2005-லும் 2007-லும் விம்பிள்டன் கோப்பையைத் தூக்கினார். பிறகு அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு அந்த நாட்டுக்கு ஆடினார், அது இருக்கட்டும். அவருக்கும் முன்னால் ரோசலின் ஃபேர்பேங்க், அவரும் டர்பன்தான். 1981-லும் 1983-லும் பிரெஞ்சு ஓப்பன் டபுள்ஸ் ஜெயித்தவர். அந்த நிறவெறிக் காலத்தில் இந்திய வம்சாவளியான நம் ஆட்களுக்குத் தனி மைதானம், தனிச் சங்கம். தாத்தா நல்ல ஆட்டக்காரர், கடைசிவரை வெடித்துப்போன சிமெண்டுத் தரையில்தான் ஆடினார். அவர் பேத்தி இன்று கையில் ராக்கெட்டும் பாஸ்போர்ட்டுமாகத் துனீசியாவில் நிற்கிறாள். சிங்கிள்ஸ், டபுள்ஸ் என்று தரம் பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றியிருக்காது.

ஹூபரைப் பற்றி இன்னும் ஒரு சேதி. 2004-ல் ஹைதராபாத்தில் ஒரு பதினேழு வயதுப் பெண்ணோடு ஜோடி சேர்ந்து பட்டம் வென்றார். அந்தப் பெண்தான் சானியா மிர்சா. சானியாவுக்கு அதுதான் டபிள்யூடிஏ என்கிற பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் போட்டிகளில் முதல் பட்டம். அடுத்த வருஷம் அதே ஊரில் சிங்கிள்ஸிலும் ஜெயித்தார், 2007-ல் 27-ஆம் இடம் வரை போனார். அப்புறம் மணிக்கட்டு. 2008-ல் ஆபரேஷன். உன்னைப் போலத்தான், கண்ணு, கையே பகையாகிவிட்டது. சில வருஷங்களில் சிங்கிள்ஸை விட்டுவிட்டார். விட்ட பிறகுதான் 2015-ல் டபுள்ஸில் உலகின் முதலிடம் வந்தது.

அந்த வருஷ விம்பிள்டன் ஃபைனல் உனக்கு நினைவிருக்கும். நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாய், ஆயாவும் தூங்கப் போகவில்லை. சானியாவும் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸும் ஒரு பக்கம், எதிரில் ரஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா. முதல் செட் போய்விட்டது, இரண்டாவது டைபிரேக்கரில் வந்தது, மூன்றாவதில் 2-5. அப்பா எழுந்தே போய்விட்டார். அங்கிருந்து 5-5. வெளிச்சம் போய்க் கூரையை மூடினார்கள். திரும்பி வந்து சானியாவும் ஹிங்கிஸும் 7-5 என்று முடித்தார்கள். சானியா பின்கோட்டில் நின்று ஃபோர்ஹேண்டை அறைகிறார், ஹிங்கிஸ் வலைக்குப் பக்கத்தில் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி நிற்கிறார். தேறாதவர்கள் ஆடுகிற ஆட்டமா அது? அன்றைக்கு நீ அப்படிச் சொல்லவில்லையே.

இப்போது உன் கைக்கு வருகிறேன். உன் ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் கட்டுகிறவள் நான். நீ ஆடுவதைப் பார்க்காவிட்டாலும் ராக்கெட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். போன தடவை வந்ததில் நடுவில் உள்ள ஸ்ட்ரிங்குகளில் அரம் வைத்து ராவிய மாதிரிப் பள்ளம். கிரிப் டேப்பில் கீழ்ப்பகுதி பளிச்சென்று இருக்க, இடது கை பிடிக்கிற மேல்பகுதி கறுத்து, நூல் பிரிந்து கிடக்கிறது. பின்கோட்டில் நின்று இரண்டு கை பேக்ஹேண்டை ஓயாமல் இழுக்கிறாய் என்று அர்த்தம். சுண்டுவிரல் பக்கம் வலிக்காமல் என்ன செய்யும்? டபுள்ஸில் ஒரு பாயிண்ட் பெரும்பாலும் நாலைந்து அடியில் முடிந்துவிடும். சர்வ், ரிட்டர்ன், பந்து தரையில் படுமுன் அடிக்கிற வாலி. வாலிக்கு இடது கை அவ்வளவாகத் தேவையில்லை. விம்பிள்டன் மாதிரியான நான்கு பெரிய கிராண்ட் ஸ்லாம் போட்டிகளைத் தவிர மற்றதில் ஆட்டமும் நீளாது: 40-40, அதாவது டியூஸ் வந்தால் ஒரே பாயிண்டில் கேம் முடிவு, மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் பாயிண்ட் டைபிரேக்கர்.

விறைப்பான பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை முழுக்க இனி நான் கட்டித் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நெடுக்கே பாலியெஸ்டர், குறுக்கே மெத்தென்ற மல்டிஃபிலமெண்ட், ஸ்ட்ரிங்கின் இறுக்கத்தை 54 பவுண்டை விட்டு 50-க்கு இறக்கு. முதல் வாரம் பந்து எகிறும். பழகிவிடும்.

பண விஷயமும் பேசத்தான் வேண்டும். 15,000 டாலர் போட்டி என்கிறார்கள், அது எல்லாருக்குமான மொத்தத் தொகை. சிங்கிள்ஸ் முதல் சுற்றில் தோற்றால் உன் கைக்கு இருநூறு டாலர்கூட வராது. அந்த மட்டத்தில் டபுள்ஸில் இன்னும் குறைவு, அதையும் இருவர் பங்கிட வேண்டும். அதனால் டபுள்ஸுக்கு மாறினால் நாளைக்கே சோறு போடும் என்று நான் சொல்லவில்லை. நான் பார்ப்பது மேலே. ஒவ்வொரு கிராண்ட் ஸ்லாமிலும் பெண்கள் டபுள்ஸில் 64 ஜோடி. அந்த இடத்துக்குச் சிங்கிள்ஸில் ஏற உனக்கு எத்தனை வருஷம், எத்தனை ஊசி, எத்தனை பேண்டேஜ் என்று எனக்குத் தெரியவில்லை. டபுள்ஸில் உன் கைக்கும் கண்ணுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்று நம்புகிறேன். வயசைப் பற்றியும் கவலைப்படாதே. தைவானின் ஷியே சு-வெய் 2023-ல் விம்பிள்டன் டபுள்ஸ் ஜெயித்தபோது அவருக்கு 37.

வாராவாரம் அங்கே கிடைக்கிற ஆளோடு சேர்ந்து ஆடுவதை மட்டும் நிறுத்து. பெரிய போட்டிகளில் இருவர் ரேங்கையும் கூட்டித்தான் இடம் தருகிறார்கள், நிலையான ஜோடி இல்லாமல் அது கஷ்டம். பிரிட்டோரியாவில் உன்னோடு ஆடினாளே, அந்த இடதுகைப் பிள்ளை, அவளிடம் கேள். அவள் சர்வ் வெளியே இழுக்கும், நீ வலையில் குறுக்கே பாய்ந்தால் பாதி பாயிண்ட் அங்கேயே முடிந்துவிடும். அவளுக்கும் நம் பாஸ்போர்ட்தான், ஷெங்கன் விசாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே அலையலாம். ஐரோப்பாவுக்குப் போவதானால் விண்ணப்பத்தை இப்போதே போட்டால்தான் நேரத்துக்குக் கிடைக்கும்.

ஊர் வாயைப் பற்றிக் கேட்டாய். இங்கே நம் சாட்ஸ்வொர்த்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் “பிள்ளை இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கா?” என்று கேட்கத்தான் செய்கிறார்கள். ஆமாம், ஆடுகிறாள் என்று சொல்கிறேன். பெரியம்மாவுக்கு சிங்கிள்ஸ் எது, டபுள்ஸ் எது என்று தெரியாது. ஆயாவுக்கு நன்றாகத் தெரியும், அவர் கேட்பதெல்லாம் உன் கை எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான். அவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை, உனக்கு வேண்டாம்.

புது ஸ்ட்ரிங் இரண்டு ரீல் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நீ வரும்போது மூன்று ராக்கெட்டையும் கொண்டு வா. அதுவரை அங்கே கட்டுகிறவரிடம் 50 பவுண்டு என்று எழுதியே கொடு, வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளையோடு பேசியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. அவள் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா