மம் ஜொக்மொக்கை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாய்லாந்துப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ‘ஓங்-பாக்’ (2003) படத்தில் தொடங்கி, அந்தச் சண்டைப் படத்தின் நாயகன் டோனி ஜாவின் முழங்கை அடியோடு முடித்துவிடுகிறார்கள். அவரோடு ஓடிவரும் சாயமடித்த தலைக்காரருக்குக் கிடைப்பது ‘கூடவே வரும் காமெடியன்’ என்ற ஒரு வரிதான். அவர் பெட்தாய் வோங்கம்லாவ். மம் ஜொக்மொக் என்ற மேடைப் பெயரில்தான் தாய்லாந்து அவரை அறியும். அந்தப் படம் வந்தபோது நாடறிந்த முகம் அவருடையது. டோனி ஜாதான் கதாநாயகனாகப் புதியவர்.

1965 ஜூன் 24 அன்று யசோதோனில் பிறந்தார். அப்போது அது உபோன் ராச்சத்தானி மாகாணத்தில் இருந்தது. 1972இல்தான் தனி மாகாணமானது. வடகிழக்கான இந்த ஈசான் பகுதியின் பேச்சு லாவோ மொழிக்கு நெருக்கமானது. பிழைப்புக்காக பாங்காக் சென்று டாக்சி ஓட்டுபவர்களிலும் கட்டட வேலை செய்பவர்களிலும் ஈசான்காரர்கள் ஏராளம். தொலைக்காட்சித் தொடர்களிலோ அவர்களுக்கு வெகுகாலம் வேலைக்காரி, டிரைவர் வேடங்களே கிடைத்தன, அதுவும் கேலிக்காக. மம் செய்த வேலையின் கனம் இந்தப் பின்னணியில்தான் புரியும்.

அவர் தொழில் பழகியது பாங்காக்கின் காஃபேக்களில். அங்கே அப்போது இரவுச் சாப்பாடு, மது, மேடைப் பாட்டு எல்லாம் ஒரே கூடத்தில் நடக்கும். பாட்டுகளுக்கு நடுவே சில பேர் கொண்ட நகைச்சுவைக் குழு மேடையேறும். முடித்த கையோடு அடுத்த காஃபேக்கு ஓடும். எழுதி வைத்த வசனம் குறைவு, கூட்டத்தின் முகம் பார்த்துத்தான் அடுத்த வரி. உலோகத் தட்டால் தலையில் அடிப்பது அந்த மேடையின் நிரந்தர உத்தி. தட்டு விழுவதும் டிரம் ஒலிப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். டிரம் பிந்தினால் வலிதான் தெரியும், சிரிப்பு வராது. மூத்த கலைஞர் தேப் போஙாமின் குழுவில் இருந்தபோது மம்முக்கு இந்தக் கணக்கு கைவந்தது. பிறகு தெங், நோங் என்ற நகைச்சுவை நடிகர்கள் இருவரோடு சேர்ந்து ஒர்க்பாயிண்ட் நிறுவனத்தின் ‘சிங் ரோய் சிங் லான்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக வீடுதோறும் போய்ச் சேர்ந்தார்.

‘ஓங்-பாக்’ துரத்தல் காட்சியை இதை மனத்தில் வைத்துப் பாருங்கள். மம் ஒரு கத்தியை எடுத்து ஓங்க, துரத்துபவர்கள் பின்வாங்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து கத்தி விற்கும் பெண் கூவிக்கொண்டு வருகிறாள். இப்போது எல்லோர் கையிலும் கத்தி. சண்டையின் வேகத்துக்கு நடுவே பார்வையாளர் மூச்சுவிட இடம் கொடுப்பது இதுதான். படத்தில் மம்மின் பாத்திரம் ஹும்லே. திருடுபோன புத்தர் சிலையின் தலையை மீட்க ஊர் மக்கள் நாயகனிடம் சேர்த்துக் கொடுத்த பணத்தைத் திருடிச் சூதாடும் அதே ஹும்லே, கடைசியில் அந்தத் தலையைத் தன் உடலால் மறைத்துக் காத்து உயிர்விடுகிறான். அந்த மாற்றத்தை நம்ப வைப்பது மம்மின் நடிப்பு.

மறுவருடம் ‘தி பாடிகார்ட்’ படத்தைத் தானே இயக்கி நடித்தார். 2005இல் அவர் இயக்கிய ‘யாம் யசோதோன்’ இன்னும் முக்கியமானது. பழைய தாய்லாந்து இசைப் படங்களின் பளீர் வண்ணங்களில், முழுக்க ஈசான் பேச்சில் எடுத்தார். மத்திய தாய் மொழியில் சப்டைட்டில் ஓடியது. அதுவரை ஈசான்காரர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்த தலைநகரத்தார், அந்தப் பேச்சு புரிய எழுத்தைப் படிக்க வேண்டியிருந்தது. நகைச்சுவை நடிகர் ஒருவர் தன் ஊருக்குச் செய்த பெரிய மரியாதை இது. அதே ஆண்டு ‘மிட்நைட் மை லவ்’ படத்தில் பழைய பாடல்களை வானொலியில் கேட்டபடி இரவில் டாக்சி ஓட்டும் தனியனாக, ஒரு சேட்டையும் இல்லாமல் நடித்தார்.

டப்பிங்கில் பார்த்தால் ஈசான் பேச்சும் பாங்காக் பேச்சும் ஒன்றாகிவிடும். பாதி நகைச்சுவை போய்விடும். அதனால் மூல ஒலியோடு, சப்டைட்டில் வைத்துப் பார்ப்பதே நல்லது. முதலில் ‘ஓங்-பாக்’, அடுத்து ‘யாம் யசோதோன்’, பிறகு ‘மிட்நைட் மை லவ்’ என்ற வரிசை பொருந்தும். இணையத்தில் தேடும்போது மேடைப் பெயர், சொந்தப் பெயர் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் சினிமா பக்கத்தில் இவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி