கேரவன் நிற்கும் இடம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

சங்ககிரி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பேத்திக்கு முதல் பல் முளைத்த செய்தியைப் படித்துச் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற உங்கள் வீட்டு வண்டி, அந்தக் கேரவன் சங்கதி. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலை உடைத்து, கேஸ் சிலிண்டரையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு போனதோடு விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தங்கச்சி பார்த்துப் பார்த்துத் தைத்த மெத்தை உறையைக் கத்தியால் கிழித்து, வெளிச்சுவரில் ஆணியால் கீறிவிட்டுப் போயிருக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வேதனை எனக்குத் தெரியும். எனக்கும் அது நடந்திருக்கிறது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியபோது என்னிடம் இரண்டு டாரஸ் லாரிகள் இருந்தன. ஒன்று அதற்கு முந்தின வாரம்தான் மகாராஷ்டிரத்திலிருந்து வெங்காயம் இறக்கிவிட்டு வந்திருந்தது. ஓட்டுநர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில், மூடிக்கிடந்த ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நிறுத்திவிட்டான். சுற்றிலும் மதில், ரோட்டிலிருந்து பார்த்தால் வண்டி தெரியாது. பத்திரமான இடம் என்று நானும் நம்பினேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டு பேட்டரியும் இல்லை, ஸ்டெப்னி இல்லை, தார்ப்பாய் இல்லை, டேங்கில் ஒரு சொட்டு டீசல் இல்லை. அதெல்லாம் காசுக் கணக்கு, எப்படியாவது அடைத்துவிடலாம். முன்கண்ணாடியை எதற்கு உடைக்க வேண்டும்? கேபினில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் படம் மாட்டியிருந்தேனே, அதைத் தரையில் போட்டு மிதித்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிச் சில்லுகளை நானே பொறுக்கினேன். இன்றைக்கும் அதை யாரிடமும் பேசியதில்லை.

இன்னொரு லாரி அதே மூன்று வாரமும் பைபாஸ் ஓரத்தில், சாத்திக்கிடந்த டீக்கடைக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நின்றது. அதிலிருந்து ஒரு நட்டுகூடப் போகவில்லை. கடைக்காரர் குடும்பம் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தது. காலையில் வாசல் தெளிக்கும்போதும் ராத்திரி நாய் குரைக்கும்போதும் அந்த வண்டியை யாராவது ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அதனால்தான் பூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இடத்தைப் பற்றிப் பேசுகிறேன், மாப்பிள்ளை. போன தைப்பொங்கலுக்கு உன் தோட்டத்துக்கு வந்தபோது பார்த்தேன். தோட்டத்து வீடான சாளையிலிருந்து இருநூறு அடி தள்ளி, உரக் கொட்டகைக்குப் பின்னால், வேலிக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதையை ஒட்டி நிறுத்தியிருந்தாய். தடத்தில் போகிறவர் கண் படக்கூடாது என்று சொன்னாய். தடத்தில் போகிறவனுக்குத் தெரியாத இடம் சாளையில் இருப்பவனுக்கும் தெரியாத இடம். கிளுவை வேலியில் ஒரு சந்து கண்டுபிடித்து இட்டேரிப் பக்கமாக நுழைந்தவன் விடிய விடிய வேலை செய்திருப்பான். யார் பார்க்கப் போகிறார்கள்?

முதல் காரியமாக வண்டியைச் சாளை வாசலுக்குக் கொண்டுவா. களத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய வேம்பு இருக்கிறதே, அதன் அடியில் வை. தென்னை மரத்தடி வேண்டாம், ஒரு முற்றின காய் விழுந்தால் கூரைத் தகடு போய்விடும். காரின் கொக்கியில் மாட்டுகிற கப்ளர் இருக்கும் முன்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். கேரவனைத் திருடுகிறவன் தன் வண்டியைப் பின்னால் எடுத்து வந்து, கொக்கியில் மாட்டி, இழுத்துக்கொண்டு போவான். சுவருக்கும் கப்ளருக்கும் நடுவில் ஒரு காரின் நீளம்கூட இல்லை என்றால் முதலில் கேரவனையே திருப்ப வேண்டும். பதினாறு அடி வண்டியை இருட்டில் ஆள் வைத்துத் தள்ளித் திருப்பினால் சத்தம் வராமல் இருக்காது. முடிந்தால் ராத்திரியில் டிராக்டரை அதன் பின்னால் குறுக்கே நிறுத்தச் சொல்.

எங்கள் அப்பாரு, அப்பாவின் அப்பா, அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்ச் சந்தைக்கு ஆடி மாதம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவார். குதிரையும் மாடும் வாங்க விற்க அத்தனை ஊர் சனமும் கூடுகிற இடம், ராத்திரி முழுக்கத் திறந்தவெளியில்தான் படுக்கை. தூங்கப் போகும்போது சக்கரத்தின் கடையாணி இரண்டையும் பிடுங்கி மடியில் முடிந்துகொள்வார். வண்டியை எவனாவது இழுத்தால் பத்தடி போவதற்குள் சக்கரம் கழன்றுவிடும். உன் கேரவனுக்குப் பூட்டு வாங்கும்போது இந்தக் கடையாணிக் கணக்கு நினைவில் இருக்கட்டும். அவன் இழுத்துக்கொண்டு போவதற்கு எது இல்லாமல் முடியாதோ, அதை அவன் கைக்கு எட்டாமல் செய்ய வேண்டும்.

கப்ளர் பூட்டில் இரண்டு வகை பார்த்திருக்கிறேன். மேலே இருக்கிற கைப்பிடியை மட்டும் ஒரு ஊசிப்பூட்டால் அடைப்பது ஒரு வகை. நீ போட்டிருப்பது அதுதான். அது ஓடும்போது கொக்கி கழலாமல் இருக்கத்தான் லாயக்கு. நிற்கிற வண்டியில் காரின் கொக்கிப் பந்து உட்கார வேண்டிய குழி திறந்தே கிடக்கும், சங்கிலி சுற்றிக் கட்டிக்கூட இழுத்துவிடலாம். இன்னொரு வகை, குழி முழுவதையும் இரும்புப் பெட்டி மாதிரி மூடிப் பூட்டுவது. அதைத்தான் போட வேண்டும். பூட்டின் வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் கடப்பாரை நுழையும்.

சக்கரப் பூட்டு வாங்கினால் அது சக்கர நட்டுகளையும் சேர்த்து மூடுகிறதா என்று பார். டயரை மட்டும் கவ்விப் பிடிக்கிற பூட்டு என்றால், அந்தச் சக்கரத்தையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு சக்கரம் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சங்கிலி போடுவதாக இருந்தால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் சுற்றி வேம்போடு கட்டு, தரையில் படாமல் விறைப்பாக இருக்கட்டும். தரையில் கிடக்கிற சங்கிலியைக் கல்மேல் வைத்து அடித்தே உடைத்துவிடலாம்.

மழைக்காலம் முழுக்க எடுக்கப் போவதில்லை என்றால் சக்கரங்களையே கழற்றிச் சாளைக்குள் வைத்துவிடு. டயருக்கும் நல்லது. ஆனால் நான்கு மூலையிலும் இறக்குகிற கால்களின் மேல் முழுப் பாரத்தையும் விட்டுவிடாதே. அவை ஆட்டம் இல்லாமல் இருக்கத்தான், வண்டியைத் தாங்குவதற்கு இல்லை. ஆக்சிலுக்கு அடியில், சேஸிஸ் ஓரமாக, கெட்டியான மரக்கட்டை வைத்து இறக்கு.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றை மறந்துவிடாதே. பேட்டரியில் ஓடுகிற கட்டிங் மெஷின் இப்போது எவனிடமும் இருக்கிறது. அதன் முன்னால் எந்தப் பூட்டும் சில நிமிடம்தான். பூட்டு நமக்கு வாங்கித் தருவது அந்தச் சில நிமிடத்தையும், அது போடுகிற சத்தத்தையும்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க ஆள் வேண்டும். உன் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் ஆடு மேய்க்கிறவரும் அவர் சம்சாரமும் பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்களே, அவர்களிடம் இதுவரை ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கிறாயா? இது எங்கள் வண்டி, நானோ பையனோ வராமல் யார் வந்து தொட்டாலும் போன் போடுங்கள் என்று? சொல்லியிருக்க மாட்டாய். அவர்களை ஒருநாள் உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்துத் தங்கச்சி கையால் காப்பி கொடு. தன் காலால் ஏறி இறங்கிய வண்டியை மனிதர்கள் வேறு மாதிரிதான் பார்ப்பார்கள். அவர் கைக்கும் மாதாமாதம் ஏதாவது கொடு, சும்மா வேலை வாங்காதே.

உள்ளே எதையும் வைக்காதே. சிலிண்டர், பேட்டரி, இன்வெர்ட்டர், டிவி எல்லாம் சாளைக்குப் போகட்டும். சிலிண்டரைக் கழற்றுவது தீ பயத்துக்கும் நல்லது. ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸ் தாளையும் இழுப்பறையில் வைத்திருந்தாய், அதையும் எடுத்துவிடு. அப்புறம் ஜன்னல் திரையை மூடாதே. திறந்தே வை. அலமாரிக் கதவும் பிரிட்ஜ் கதவும் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்பது டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்குத் தெரியட்டும். திரை மூடியிருந்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று நினைத்துத்தான் கண்ணாடியை உடைக்கிறார்கள். ஆனால் ஆத்திரத்தில் கிழிக்கிறவனை இது தடுக்காது. அவனுக்கு ஆள் நடமாட்டம்தான் மருந்து. பத்து நாளைக்கு ஒரு தடவை போய்க் கதவைத் திறந்து, பெருக்கி, அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வா. கீறலையும் உடனே பூசிவிடு. அலங்கோலமாகக் கிடக்கிற வண்டியைக் கண்டால் அடுத்தவனும் கல்லெடுப்பான்.

கீறல் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சின்னச் சின்னக் கொத்துகள் போக்கிரிகள் வேலை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பக்கம் மயில் அதிகம். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து வேறு மயில் என்று கொத்தும். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் மேல் சந்தேகம் என்று எழுதியிருந்தாய். போலீசிடம் பெயர் சொல்வதற்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துவிடு. பிள்ளைகள் மேல் பழி போட்டுவிட்டால் அந்தப் பகை தலைமுறைக்கும் போகாது.

ஜி.பி.எஸ். பற்றிக் கேட்டிருந்தாய். லாரியில் வைப்பது வண்டி பேட்டரியில் ஓடும். உன் வண்டியில் பேட்டரியைக் கழற்றினால் அது செத்துவிடும். சொந்தமாக பேட்டரி உள்ளதை, வண்டி அசைந்தால் மட்டும் விழித்துக்கொண்டு செய்தி அனுப்புகிறதை வாங்கு. அதற்குள் இருக்கிற சிம்முக்கு ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வை. என் சிநேகிதர் ஒருவர் அதை மறந்துதான் வண்டியை விட்டார். கேமரா வைத்தால் வண்டியைப் பார்த்து வைக்காதே, தோட்டத்துக்குள் நுழைகிற தடத்தைப் பார்த்து வை. வருகிற வண்டியின் நம்பர்தான் நமக்கு வேண்டும். விளக்கு, ஆள் வந்தால் எரிகிற வகையாக இருக்கட்டும்.

ராத்திரி போனில் எச்சரிக்கை வந்தால் நீ மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. இதை உன் கையைப் பிடித்துச் சொல்கிறேன். தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருந்தவர்களுக்கு நம் பக்கத்தில் என்னென்ன நேர்ந்தது என்று நீயும் படித்திருப்பாய். 112க்கு அழை, ஆட்டுக்காரருக்குச் சொல், அவரையும் கிட்டே போகவேண்டாம் என்று சொல். வண்டி போனால் போகட்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் லாரியின் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தார்கள். மற்றதற்கு, வண்டி திருடு போகவில்லையே, அதிலிருந்த பொருள்தானே போனது என்று பாலிசியில் ஒரு வரியைக் காட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போடும்போது அந்த வரியை நான் படிக்கவில்லை. நீ இப்போதே எடுத்துப் படி. கார் பாலிசி இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதே, கேரவனுக்குத் தனியாக மதிப்பு எழுதியிருக்கிறதா என்று பார். வண்டி முழுவதுமாகப் போனால் அந்த மதிப்புதான் கிடைக்கும். இரண்டு வருடம் தாண்டினால் விலையில் 30 சதவீதம் கழித்துத்தான் போடுவார்கள், உனக்கு இந்த வருடம் அந்தக் கணக்குதான். உள்ளே இருக்கும் பாத்திரம், மெத்தை எல்லாம் சாதாரணமாக அதில் வராது.

என்ன போனாலும் அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள், அன்றைக்கே இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லிவிடு. போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் தாமதமாகப் போனது என்ற ஒரே காரணத்தைக் காட்டி உண்மையான திருட்டுக்கு இழப்பீடு மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அந்த வழக்குக்கெல்லாம் நாம் போக வேண்டாம். சேஸிஸ் நம்பரை போட்டோ எடுத்து வை. கூரைக்குள்ளேயும் கட்டிலுக்கு அடியிலும் அதே நம்பரைப் பொறித்துவிடு. பெயின்ட் மாற்றி, நம்பர் பிளேட் மாற்றி வேறு மாநிலத்தில் நின்றாலும் இது உன் வண்டி என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோட்டை அடிவாரம் வரை காலையில் நடந்துவிட்டு வருகிறேன். மேலே ஏறுவதில்லை. பெரியவன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறான், மழை நின்ற பிறகுதான் வேலை சூடு பிடிக்கும் என்கிறான். திருச்செங்கோடு போனபோது உன் வீட்டுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன், திருநீறு இத்துடன் வைத்திருக்கிறேன்.

மெத்தை உறைக்குத் துணி வாங்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல். உங்கள் அக்கா, என் வீட்டுக்காரி, சென்னிமலை போய் நல்ல கெட்டித் துணியாக எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வருகிறோம். நம்முடைய பழைய லாரி பாடி கட்டுகிற பட்டறையில் கப்ளருக்கு ஒரு இரும்புப் பெட்டி வெல்டிங் வைக்கச் சொல்லியிருக்கிறேன், கடையில் விற்பதைவிடக் கனமாக இருக்கும். கப்ளரின் அகலம், உயரம், முன்னால் இருந்து கைப்பிடி வரைக்கும் நீளம், மூன்றையும் டேப் வைத்து அளந்து புதன்கிழமைக்குள் போனில் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்