சாமக்கொடையும் நேரலையும்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம், அந்த அலைச்சலில்தான் பதில் பிந்திவிட்டது. பேரன் பிறந்திருக்கிறான், தாயும் பிள்ளையும் சுகம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மேடையில் திரை கட்டி, வெளியூரில் இருக்கும் நடிகையை வீடியோ காலில் பேசவைத்தால் அது நாடகம் ஆகுமா என்று கேட்டிருந்தாய். நிகழ்த்துகலைக்கு நிகழ்காலத்தில் மட்டுமே உயிர், பதிவு செய்தால் அது வேறொன்றாகிவிடும் என்று 1993இல் அமெரிக்க நாடக ஆய்வாளர் பெக்கி ஃபெலன் சொன்னதையும், பதிவுக்கருவி வந்த பிறகுதான் நேரடி என்ற எண்ணமே பிறந்தது என்று 1999இல் இன்னொரு ஆய்வாளர் பிலிப் ஆஸ்லாண்டர் வாதாடியதையும் நீயே எழுதியிருக்கிறாய். இந்த இரண்டில் ஆஸ்லாண்டர் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனாலும் அதோடு விஷயம் முடியவில்லை.

ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நடுராத்திரி நடக்கிற சாமக்கொடையில் வில்லுப்பாட்டு, சுடலைமாடன் கதை. இப்போதெல்லாம் யூடியூபில் நேரலை உண்டு, வில்லுக்கு நேர் எதிரே கேமராவை நட்டுவிட்டார்கள். நான் உடுக்கைக்காரர் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். முன்னின்று பாடுகிற புலவர் கேமராவைப் பார்க்கவே இல்லை, கண்ணெல்லாம் சாமியாடி மேல்தான். சாமியாடியின் கால்விரல்கள் மண்ணை அழுத்தத் தொடங்கியதும், ஓடிக்கொண்டிருந்த கதையை அப்படியே விட்டுவிட்டுச் சாமியை அழைக்கிற பாட்டுக்குத் தாவினார். வில்லின் நாணில் அடிக்கிற வீசுகோல் வேகம் பிடித்தது. குடம் அடிக்கிறவர் அவர் முகத்தைப் பார்த்தே தாளத்தை மாற்றினார். சாமி லேசில் வரவில்லை. வரும்வரை அதே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடினார்கள். அந்தப் பாட்டு எத்தனை தடவை என்று எந்த நோட்டிலும் எழுதியிருக்காது, எதிரே நிற்கிற ஆள்தான் அதற்கு அளவு.

உயிரோடு நடக்கிற கலை என்று நான் நினைப்பது இதைத்தான். பார்க்கிறவனால் ஆட்டத்தின் போக்கு மாற வேண்டும்.

மும்பையில் இருக்கும் அத்தான் வீட்டில் அன்று ராத்திரி முழுக்க செல்போனில் பார்த்திருக்கிறார்கள். அத்தை போனுக்கு முன்னால் விளக்கேற்றி வைத்து, சாமி வந்ததும் குலவை போட்டாளாம். நேரலை அரை நிமிஷம் பிந்தித்தானே போகும்? அவள் குலவை போட்ட நேரம் இங்கே சாமி திருநீறு கொடுக்க ஆரம்பித்திருக்கும். அவளுடைய பக்தியில் ஒரு குறையும் இல்லை, அவளுக்கு அது கொடைதான். ஆனால் அந்தக் குலவை புலவர் காதில் விழவில்லை. 2009இல் லண்டன் நேஷனல் தியேட்டர் ஹெலன் மிரன் நடித்த நாடகத்தை சினிமா அரங்குகளுக்கு நேரலையில் அனுப்பியபோதும் இதே கதைதான். அங்கே உட்கார்ந்து அழுதவர்களின் மூச்சு நடிகைக்கு எட்டியிருக்காது.

அதே சமயம், எல்லோரும் நேரில் இருந்தும் உயிர் போவதைப் பார்த்திருக்கிறேன். வேறொரு ஊர்க் கொடையில் ரிதம் பேட் என்கிற மின்தாளக் கருவியில் முன்கூட்டியே ஏற்றிவைத்த தாளத்துக்குப் பாடினார்கள். சாமியாடி தயாராகி நிற்கிறார், தாளம் தன் பாட்டுக்கு ஓடுகிறது, பாடகர் அதைத் துரத்துகிறார். கேமராவைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

அதனால் திரை கட்டு, தாராளமாகக் கட்டு. ஆனால் அரங்கத்துக்குள் ஒரு மைக் வைத்து, ஜனங்களின் சிரிப்பும் முணுமுணுப்பும் அந்த நடிகையின் ஹெட்போனுக்குப் போகும்படி செய். கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு கேமராவும் வை. சிரிப்பு அடங்கும்வரை அவள் அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தால் போதும், நாடகம் ஆகிவிடும். நெட் அறுந்துபோகுமே என்று பயந்து பதிவு செய்த காட்சியைக் கைவசம் வைத்துக்கொள்ளாதே. அறுந்தால் மேடையில் நிற்கிறவர்கள் சமாளிக்கட்டும், அதற்கும் சேர்த்து ஒத்திகை பார்.

அப்புறம், பிரதியை எனக்கு அனுப்பு. எந்த இடத்தில் அவள் காத்திருக்க வேண்டும் என்று நானும் குறித்துப் பார்க்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் கூட்டாளி