செயலாளர் அறிக்கை: மின்னூலகப் பணியும் பிறவும்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாசிப்புக் கூட்டங்கள், கட்டுரைப் போட்டி, ஆண்டு விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர் (கோரம்) சேராமல் ஒத்திவைத்தவற்றை இங்கே சேர்க்கவில்லை.

மின்னூலகத்துக்கு எந்தத் தரவுத்தள மென்பொருள் ஏற்றது என்று பார்க்கத் துணைக்குழு அமைத்தோம். முதல் கூட்டத்தில் குழுவாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. எனவே, ‘செயலாளரே முடிவெடுத்துவிட்டார்’ என்ற பேச்சுக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

எக்செல் போதாதா என்கிறார்கள். அதில்தான் தொடங்கினோம். ஒருவர் ஆசிரியர் பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்த, நூல்களெல்லாம் வேறு ஆசிரியர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நியூசிலாந்தில் உருவாகி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா நல்ல மென்பொருள், இலவசமும்கூட. ஆனால் அது முதன்மையாக நூல்களை இரவல் கொடுத்து வாங்கும் நூலகத்துக்கானது. நம்முடையவை ஸ்கேன் செய்த கோப்புகள்; அவற்றுக்கு டிஸ்பேஸ் என்ற மின்னூலக மென்பொருள் பொருந்தும். அதற்கோ ஜாவா, போஸ்ட்கிரஸ், சோலர் என்று வேறு மென்பொருள்களெல்லாம் கூடவே ஓட வேண்டும். சர்வரைக் கவனிக்க ஆளும் வேண்டும். மாதக் கூட்டத்துக்கே ஆள் வராத சங்கம் இது.

ஆகவே எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தள மென்பொருள். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. வேலை முடிந்து மூடியபின் நகலெடுத்தாலே பேக்கப். பிடிஎஃப்கள் தனி ஃபோல்டரில். தரவுத்தளத்தில் அவை இருக்கும் இடம் மட்டும். நூல் விவரங்களைப் பதிவதற்கான பொது வரையறையான டப்ளின் கோரின் 15 புலங்களில் பதிகிறோம், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம் என்பதற்காக. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்று குறை சொன்னார்கள். நம்மில் இருவர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பதியும் நாள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

தமிழுக்கென்று தனிப் பாடு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு வரிசையில் ‘வ’ போய் ‘ழ’வுக்குப் பின்னால் நிற்கிறது, ‘ன’ வந்து ‘ந’வை ஒட்டிக்கொள்கிறது. அகராதி முறைப்படி அடுக்கத் தனிப் புலம் வைத்தேன். சில பதிவுகளில் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்ததால், கண்ணுக்குத் தெரிந்த தலைப்பு தேடலில் சிக்கவில்லை. எல்லாவற்றையும், அப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியாயிற்று.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல்; ஹார்ட் டிஸ்க்தான் பெரிய செலவு. சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை. பட்டியல் என்னிடம் இருக்கிறது.

ஸ்கேனர் இரவல் தந்தவருக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்ச்சியே. கோப்பு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று எழுதி வைத்திருக்கிறேன். தரவின் இன்னொரு நகல் வேறோர் இடத்தில் இருந்தாக வேண்டும். அதற்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க் தேவை. பாக்கியில் கால்வாசி வந்தாலே வாங்கிவிடலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருப்பார்.

செயலாளர்