இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சுற்று

மயிலாப்பூர், சென்னை.

அன்புள்ள கண்ணனுக்கு,

அப்பா எழுதுவது. ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடியபோது நெஞ்சு எரிந்து, புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்ததாக நேற்று நீ அம்மாவிடம் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

நிறைந்த வயிற்றுக்குச் செரிமானத்துக்காக அதிக ரத்தம் தேவைப்படும் நேரத்தில் ஓடினால், கால் தசைகளும் அதே ரத்தத்தைக் கேட்கின்றன. போதாததற்கு, குலுங்கும் இரைப்பையிலிருந்து அமிலமும் மேலேறுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் கடும் பயிற்சிக்கு இரண்டு, மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அந்தக் கணக்குப்படி நீ நள்ளிரவில்தான் ஓட முடியும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? ஆகவே வரிசையை மாற்றிக்கொள். அலுவலகம் முடிந்ததும் ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு ஜிம்முக்குப் போ. சாப்பாட்டை அதன் பிறகு வைத்துக்கொள். (ஓடும்போது நெஞ்சு பாரமாக அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, அதை வாயு என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

சாப்பிட்ட பின் உடம்பை அசைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை வந்த புதிதில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு, அன்றைய கடமை முடிந்ததென்று நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையோ இறங்க மறுத்தது. பிறகுதான் இரவுச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரத்தில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். மூன்று சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு நடக்காமல் உட்கார்ந்த நாளில் இரண்டு மணி நேரம் கழித்து 218. அதே சாப்பாட்டுக்குப் பின் நடந்த மறுநாள் 171. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். என் ஒருவனுடைய இரண்டு நாள் கணக்கை நீ நம்ப வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் 41 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேளையில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடப்பதே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் குறைத்தது என்றும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பலன் மிகுதியாக இருந்தது என்றும் கண்டிருக்கிறார்கள். நடக்கும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இரவில் இன்சுலின் சற்று மந்தமாக வேலை செய்வதால் அந்த உதவி அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இது உனக்கும் சொந்தக் கதைதான்.

நடை என்றால் வியர்க்க வேண்டியதில்லை. பேசிக்கொண்டே போகிற வேகம் போதும். வடக்கு மாடவீதியில் பூக்காரம்மா மிச்ச மல்லிகையின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்துகிற நேரத்தில் புறப்பட்டு, நடைபாதையில் பெயர்ந்து கிடக்கும் கல்லைப் பார்த்துக் கால் வைத்து வருவேன். அம்மா பூக்கடைவரை வந்து, சீரியல் நேரமாகிவிட்டது என்று திரும்பிவிடுவாள். அதையும் நடை என்றே கணக்கில் சேர்த்துக்கொள்கிறாள். என் மாத்திரைகளில் ஒன்று சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடியது என்பதால் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். உனக்கு அது தேவையில்லை.

நடந்து முடித்ததும் கட்டிலில் சாய்ந்துவிடாதே. சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தால்தான் அந்த நெஞ்செரிச்சல் அடங்கும். அதற்கு நீ எட்டரைக்காவது சாப்பிட்டாக வேண்டும்.

அடுத்த வாரம் நீ வரும்போது கொடுத்தனுப்ப அம்மா புளிக்காய்ச்சல் செய்து வைத்திருக்கிறாள். அதை மதியத்துக்கு வைத்துக்கொள், இரவில் தொடாதே.

அன்புடன்,
அப்பா