சிரிப்பு வேஷம் கிடைத்த மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கதாநாயகி வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது, உனக்குப் பாட்டுப் பாடிச் சிரிக்கவைக்கும் வேலைக்காரி வேஷம்தான் என்று போனில் சொன்னாய். குரல் இறங்கியிருந்தது. எனக்குப் போனில் சரியாகப் பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமாவுக்கும் இதே தயக்கம் வந்தது. மன்னார்குடியில் பிறந்து, அம்மாவோடு பிழைக்க வந்து, வறுமையால் படிப்பை விட்டு நாடகத்துக்குப் போனவர். எஸ்.எஸ்.ராஜேந்திரன் குழுவில் நடித்தார், மேடையில் கதாநாயகியாகவும் நின்றார். 1958-இல் கண்ணதாசன் தன் 'மாலையிட்ட மங்கை' படத்தில் அவருக்குக் கொடுத்ததோ நகைச்சுவை வேஷம். யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். கதாநாயகியாகவே போயிருந்தால் சில வருஷங்களில் காணாமல் போயிருப்பேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனாலும் ஜனங்கள் அவரைப் பிடித்துக்கொண்டது சிரிப்பிலும் பாட்டிலும்தான்.

1968-ஐ மட்டும் எடுத்துக்கொள். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி, பத்மினி, பாலையா என்று எத்தனை பெரிய ஆட்கள்! அவர்களுக்கு நடுவே நாடகக் கொட்டகை ஆட்டக்காரி ஜில் ஜில் ரமாமணியாக வந்தார். வாயைத் திறந்தாலே நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிவாஜி நடித்த சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்தின் மேல் அவள் வைத்திருக்கும் மரியாதையில் ஒரு துளி கேலி இருக்காது. அதனால்தான் அவள் வெறும் கோமாளியாகிவிடவில்லை. அதே வருஷம் 'பொம்மலாட்டம்' படத்தில் வி.குமார் இசையில் 'வா வாத்யாரே ஊட்டாண்ட' பாடினார். பள்ளத்தூரில் வளர்ந்த பெண்ணின் வாயில் அச்சு அசல் மெட்ராஸ் பாஷை! தாளம் ஒரு பக்கம், கிண்டல் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றை ஒன்று தடுக்காது. சுருதி சுத்தமாகப் பாடுகிறவர்கள் நிறைய பேர் உண்டு. சுருதியும் விடாமல், அந்தப் பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிற மாதிரிப் பாடுவது வேறு வித்தை. நாடக மேடையில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்கும்படி வசனம் பேசிப் பழகியவருக்குத்தான் அது வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் வந்ததெல்லாம் உனக்கே தெரியும். 1988-இல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' படத்துக்கு அவரே பாடிய பாட்டை உனக்குச் சின்ன வயதில் எத்தனை முறை போட்டிருப்பேன்! 1989-இல் வந்த 'புதிய பாதை' தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேல் படங்கள். 2015-இல் அவர் இறக்கும்வரை 'ஆச்சி' என்றுதான் ஊரே கூப்பிட்டது. அவரோடு நடித்த எத்தனையோ கதாநாயகிகளின் பெயரை இப்போது நாம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்கும் காது நல்ல காது. எந்த ஊர்ப் பேச்சையும் இரண்டு நாளில் பிடித்துவிடுவாய். அந்த வேலைக்காரி எந்த ஊர்க்காரி, யாரிடம் எப்படிப் பேசுவாள் என்பதை முதலில் முடிவு செய்துகொள். அதற்கப்புறம் பாட்டை எடு. சிரிக்கவைக்க வேண்டுமென்று நினைத்து எதையும் செய்யாதே. அவளுக்கு எது முக்கியமோ அதை நிஜமாகச் செய், சிரிப்பு தானாக வரும்.

ஒத்திகையிலேயே கத்திக் குரலைத் தீர்த்துவிடாதே. அம்மா பனங்கற்கண்டும் சுக்கும் பார்சல் அனுப்பியிருக்கிறாள். அரங்கேறும் தேதி முடிவானதும் சொல், நானும் அம்மாவும் ரயிலுக்கு டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
அப்பா